மகனோட ஒரு நாள் குளத்தடியில தூண்டில்: இடம், இரை, சாமான் பற்றி விபரம் வேணும்

#1 — கல்லடிவாசி

மகன் கட்டார்ல இருந்து ஒரு மாத லீவுல வந்திருக்கார். வயசு 27. வாற சனிக்கிழமை ரெண்டு பேரும் உன்னிச்சைக் குளத்துப் பக்கம் போய், விடிய இருந்து பின்னேரம் 3 மணி வரைக்கும் தூண்டில் போடுற யோசனை. தோணி எடுக்கிறல்ல, கரையில இருந்துதான். மூட்டைக் கணக்குல மீன் தேவையில்ல. ஒரு கறிக்கும் கொஞ்சம் பொரியலுக்கும் கிடைச்சாப் போதும்.

கையில இருக்கிறது: 7 அடி றொட் ஒண்டு, 2500 அளவு றீல் (நூல் பழசு), மூங்கில் கம்பு ஒண்டு. ஆவணி மாசம், கச்சான் காத்து அடிக்குது, குளத்துத் தண்ணியும் வத்தியிருக்கு.

எங்க இருக்கணும், என்ன இரை, எத்தனையாம் நம்பர் முள்ளு எண்டு அனுபவமுள்ள ஆக்கள் சொல்லுங்க. நூல் சிக்கெடுக்கிறதுலயே அண்டைய பொழுது முடிஞ்சிடக் கூடாது. அதுதான் முக்கியம்.

#2 — படுவான்கரை வாத்தியார்

இடத்தை முதலில் பார்ப்போம். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

நமது பகுதியில் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்கு ஓடுகின்றன. அதனால் பெரும்பாலான குளங்களின் கட்டு கிழக்குப் பக்கத்தில் இருக்கும். கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும்போது மேல்தண்ணீரில் மிதக்கும் பாசித்துகள், பூச்சி, இலைக்குப்பை எல்லாம் கட்டுப் பக்கமாக ஒதுங்கும். யப்பான் மீன் (திலாப்பியா) அதைத் தேடி வரும். ஆகவே மீன் கட்டடியில் நிற்கும் என்பது சரிதான். ஆனால் அதே காற்று அலையை அலைகல்லில் கொண்டுவந்து மோதும். இலேசான மிதப்பு துள்ளிக்கொண்டே இருக்கும், மீன் கடித்ததா அலை அடித்ததா என்று தெரியாது. காற்றுக்கு எதிரே வீசவும் வேண்டும். மகனோடு ஆறுதலாக இருந்து பேசிப் பிடிக்க அந்த இடம் சரிவராது.

எனவே நாளை இரண்டாகப் பிரியுங்கள். விடிந்ததில் இருந்து கச்சான் வலுக்கும் வரை, ஏறக்குறைய 9.30 அல்லது 10 மணி வரை, கட்டின் ஓரத் தொங்கல், அதாவது கட்டு முடிந்து இயற்கைக் கரை தொடங்குகிற மூலை. காற்று எழும்பியதும் மேட்டு நிலமோ மரமோ காற்றை மறைக்கிற கரைக்கு மாறுங்கள். மருதமர நிழல் இருந்தால் இன்னும் நல்லது.

வற்றிய குளத்தில் ஒரு வசதி உண்டு. மாரியில் தெரியாத மரக்குற்றிகள், பழைய வாய்க்கால் தடம், கல்மேடு எல்லாம் இப்போது வெளியே தெரியும், அல்லது தண்ணீரின் நிறம் கறுத்துக் காட்டும். திறந்த வெளியை விட இப்படியான ஓரங்களில்தான் மீன் நிற்கும். ஆழம் 3 முதல் 5 அடி போதும்.

கரையோரத்தில் ஒன்றரை, இரண்டு அடித் தண்ணீரில் மணலில் பீங்கான் அளவு வட்டக் குழிகள் தெரிந்தால் அவை ஆண் யப்பான் தோண்டிய கூடு. பெண் மீன் முட்டையிட்டு வாயில் எடுத்துக்கொண்டு விலகிவிடும். வாயில் முட்டை உள்ள மீன் இரை எடுக்காது. குழிக்காரன் மட்டும் இரையைத் தின்ன அல்ல, துரத்தவே கொத்துவான். உதட்டில் முள்ளு ஏறாமல் கழன்று போவது அங்கேதான் அதிகம். குழிகளுக்கு வெளியே ஆழம் இறங்கும் விளிம்பில் போடுங்கள்.

விடிந்தவுடனே கடிக்கவில்லை என்று இடத்தை மாற்ற வேண்டாம். பாசி கூடிய தண்ணீரில் இரவு முழுக்க ஒட்சிசன் குறைந்துகொண்டு வரும். விடியலில்தான் மிகக் குறைவு. முதல் நாள் மப்பாக இருந்து, இரவில் காற்றும் இல்லாவிட்டால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த நேரம் எந்த இரையும் எடுபடாது. வெயில் ஏறி ஒரு மணித்தியாலம் போனால் கடிக்கத் தொடங்கும்.

துருசுக்கும் (தண்ணீர் திறக்கும் மதகு) வான்கதவுக்கும் கிட்டப் போக வேண்டாம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்திருந்தால் துருசு வாயின் இழுவை மேலே தெரியாது.

#3 — றீல்தம்பி

சேர் இடம் சொல்லிட்டார். நான் சாமான் சொல்றன்.

முதல்ல பழைய நூல். தங்கூசி வெயில் பட்டுப் பட்டு உள்ளுக்க செத்திருக்கும், பார்வைக்குத் தெரியாது. ரெண்டு கையாலயும் ஒரு முழம் பிடிச்சு வெடுக்கெண்டு இழுத்துப் பாருங்க. சுகமா அறுந்தா முழுக்கக் கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசு போடுங்க. யப்பானுக்கு 0.22 இல் இருந்து 0.25 மில்லிமீட்டர், அதாவது 6 – 8 இறாத்தல் நூல் காணும். தடிச்ச நூல் போட்டா மிதப்பு சரியா நிக்காது, இரையும் இயல்பா இறங்காது.

றீல்ல நூல் நிரப்பக்குள்ள விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழ நிப்பாட்டணும். விளிம்பு வரைக்கும் நிரப்பினா வீசின உடனே வளையம் வளையமாக் கழண்டு விழும். நீங்க பயப்பிடுற சிக்கு பாதி அங்கதான் உருவாகிற. மற்றப் பாதி ரெண்டு பழக்கத்தால வாற:

ஒண்டு, வீசினதும் கைபிடியைச் சுத்தி வளையக் கம்பிய மூடுறது. அப்படிச் செய்யாதீங்க. இடக் கையால கம்பிய மடக்கி, நூலை ஒருக்கா இறுக்கி விட்டு, மறுகா சுத்துங்க.

ரெண்டு, மீன் இழுத்து டிராக் (மீன் பலமா இழுத்தா நூலை விடுற றீல் இறுக்கம்) கிர்ரெண்டு நூல் விடக்குள்ள நாமளும் சுத்துறது. நூல் உள்ளுக்க வரமாட்டுது, சுத்துச் சுத்தா முறுக்குத்தான் ஏறும். மீன் ஓடினா விடுங்க, நிண்டா சுத்துங்க.

டிராக் அளவு நூலின்ட பலத்துல நாலில ஒண்டு. 8 இறாத்தல் நூலுக்கு ஒரு கிலோ பாரம் தொங்க விட்டா மெல்லமா நூல் வெளியேறணும். வீட்டுல ஒரு லீற்றர் தண்ணிப் போத்தல் கட்டித் தூக்கிப் பார்த்தே சரி செய்யலாம்.

முள்ளு: யப்பானுக்கு வாய் சின்னன். 8 அல்லது 10 நம்பர். (நம்பர் கூடக் கூட முள்ளு சின்னன், கடையில மாறி வாங்கிடாதீங்க.) ஒரு ஆளுக்கு 10 முள்ளு காணும்.

முடிச்சு: நூல் நுனிய முள்ளின்ட கண்ணுக்குள்ள விட்டு, நூலோட சேத்து 5 சுத்துச் சுத்தி, கண்ணுக்குப் பக்கத்துல வாற முதல் வளையத்துக்குள்ள நுனிய எடுத்து, மறுகா அதால வந்த பெரிய வளையத்துக்குள்ளயும் விட்டு, எச்சில்ல நனைச்சு மெதுவா இறுக்குங்க. காய்ஞ்ச நூலை வேகமா இறுக்கினா உரசல் சூட்டுல அந்த இடம் பலம் போயிரும். நுனிய 2 – 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்க.

அறுந்து வந்த நூல் நுனியப் பாருங்க. பண்டி வால் மாதிரிச் சுருண்டு இருந்தா முடிச்சு வழுக்கியிருக்கு, கட்டினது பிழை. நுனி சொரசொரப்பா, பிசிர் அடிச்சு இருந்தா கல்லுல உரஞ்சியிருக்கு, கடைசி ஒரு மீற்றரை வெட்டிப் போட்டுட்டுக் கட்டுங்க. துப்பரவா வெட்டுப்பட்டு இருந்தா பல்லுள்ள மீன்.

#4 — சம்மாந்துறையான்

இரைக்கு மூணு சாமான் கொண்டு போங்க. ஒண்டுல கடிக்காட்டி மற்றது.

1) நாக்குளிப்புழு. வாழையடி ஈர மண்ணுல, மாட்டுச் சாணிக் குவியலுக்குக் கீழ கிண்டினா வரும். ஒரு பேணிக்குள்ள அதே மண்ணைப் போட்டு மேல ஈர வாழையிலை. மூடியில ஓட்டை போடுங்க. வெயில்ல வெச்சா அரை மணித்தியாலத்துல அவிஞ்சிடும். முழுப் புழுவையும் சுருட்டிக் கோக்க வேணாம். 10 நம்பர் முள்ளுக்கு அரைப் புழு, வால் ஒரு விரல் நகம் அளவுக்கு மட்டும் வெளிய ஆடணும். கூட விட்டா வாலை மட்டும் கடிச்சிட்டுப் போயிரும்.

2) மா. கோதுமை மா 200 கிராம், ரவை 50 கிராம், கருவாட்டுத்தூள் ஒரு மேசைக்கரண்டி. தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு 10 நிமிசம் பிசைஞ்சு, ஈரத்துணியில சுத்தி அரை மணித்தியாலம் வைங்க. பதம் எப்படி எண்டா, காது மடல் மாதிரி இருக்கணும். கையில ஒட்டினா தண்ணி கூட, வெடிச்சா குறைவு. வீசக்குள்ள மா பறந்து போகுதெண்டா ஒரு சிட்டிகை பஞ்சைப் பிச்சுப் பிச்சு மாவோட சேத்துப் பிசைஞ்சிடுங்க. பஞ்சு நார் மாவைப் பிடிச்சு வெச்சுக்கும். பயறளவு மா உருண்டை, முள்ளின்ட வளைவு மூடணும், கூர் மட்டும் வெளிய தெரியணும்.

3) பாண். முதல் நாள் பாண், நடுப் பகுதி. கிள்ளி நடுவுல அமத்தி, ஓரத்தைப் பஞ்சு மாதிரி விட்டுடுங்க. இது மேல்தண்ணியில நிக்கிற மீனுக்கு. மதியம் பாசி ஓரத்துல யப்பான் மேல வந்து உறிஞ்சுற சத்தம் கேட்டா ஈயத்தைக் கழட்டிட்டுப் பாணை அப்படியே மிதக்க விடுங்க.

இரை தூவுறதும் முக்கியம். அரை இறாத்தல் பாண், ஒரு கிலோ தவிடு, 250 கிராம் தேங்காய்ப் புண்ணாக்கு (முதல் நாளே ஊறப் போட்டது). குளத்துத் தண்ணியில பிசைஞ்சு தோடம்பழம் அளவு உருண்டை. கையில உடையாம, தண்ணிக்குள்ள இறங்கி அடியில உடையணும். ஒரு உருண்டையை முழங்கால் தண்ணியில போட்டுப் பாருங்க, ஒரு நிமிசத்துல கரையத் தொடங்கினாச் சரி. துவக்கத்துல 4 உருண்டை, மறுகா அரை மணித்தியாலத்துக்கு ஒண்டு. கூடப் போட்டா மீன் வயிறு நிரம்பித் தூண்டிலைத் திரும்பியும் பாக்காது. எல்லா உருண்டையும் ஒரே இடத்துல விழணும், அதுக்கு எதிர்க்கரையில ஒரு மரத்தை அடையாளம் பிடிச்சுக்கங்க.

#5 — கல்லடிவாசி

எல்லாருக்கும் நன்றி. சேர், மிதப்பு கட்டுற முறையையும் ஒருக்காச் சொல்லுங்க. இரை இல்லாம வெறும் முள்ளு வாறதுதான் பெரிய கரைச்சல். கடிச்சதே தெரியிறல்ல.

#6 — படுவான்கரை வாத்தியார்

கடித்தது தெரியாததற்குப் பெரும்பாலும் மிதப்புத்தான் காரணம். கடையில் வாங்கும் உருண்டைச் சிவப்பு மிதப்பு யப்பானுக்குப் பொருந்தாது. அதை அமிழ்த்த எவ்வளவு பலம் வேண்டும் என்று விரலால் அழுத்திப் பாருங்கள். அந்த எதிர்ப்பை உணர்ந்ததும் மீன் இரையைத் துப்பிவிடும். மெல்லிய, நீளமான மிதப்பு வேண்டும். நெட்டித் தண்டோ மயிலிறகின் தண்டோ ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு இடத்தில் சின்ன றப்பர் வளையத்தால் நூலோடு பிடித்தால் போதும்.

பாரம் இப்படி: முக்கால் பங்கு ஈயத்தை மிதப்புக்கும் முள்ளுக்கும் இடையே நடுவில் சேர்த்துப் பூட்டுங்கள். மிகச் சிறிய ஈயம் ஒன்றை முள்ளுக்கு 15 சென்றிமீற்றர் மேலே. எல்லாம் சேர்ந்து மிதப்பின் நுனி ஒரு சென்றிமீற்றர் மட்டும் தண்ணீருக்கு வெளியே நிற்க வேண்டும். இரண்டு சென்றிமீற்றர் நின்றால் இன்னொரு சிறு ஈயம் சேருங்கள்.

ஆழம் அளக்க முள்ளில் ஒரு பெரிய ஈயத்தை மாட்டி அந்த இடத்தில் போடுங்கள். மிதப்பு முழுக்கத் தாழ்ந்தால் தண்ணீர் நீங்கள் வைத்ததை விட ஆழம், மிதப்பை மேலே தள்ளுங்கள். மிதப்பு படுத்துக் கிடந்தால் ஆழம் குறைவு, கீழே இறக்குங்கள். நுனி மட்டும் தெரியும்போது அதுதான் அடி. அங்கிருந்து நாலு விரல் மேலே இரை நிற்கட்டும்.

மிதப்பு காட்டும் சைகைகள் மூன்று. துடித்துத் துடித்து நின்றால் குஞ்சு மீன் கொத்துகிறது, விடுங்கள். சரிந்து பக்கவாட்டில் நகர்ந்தால் வாய்க்குள் எடுத்துக்கொண்டு போகிறது, இழுங்கள். மூன்றாவதைப் பலர் தவறவிடுவார்கள்: மிதப்பு தாழாமல் மேலே எழும்பிப் படுக்கும். மீன் அடியில் இருந்த இரையையும் சின்ன ஈயத்தையும் சேர்த்துத் தூக்கிவிட்டது என்று அர்த்தம். உடனே இழுக்க வேண்டும். நீங்கள் சொல்லும் வெறும் முள்ளு அங்கேதான் நடக்கிறது.

இழுப்பது மணிக்கட்டால் மட்டும், ஒரு முழத்துக்கு மேல் இல்லை. தோளால் இழுத்தால் உதடு கிழிந்துவிடும்.

#7 — றீல்தம்பி

சேர் சொன்னது அமைதித் தண்ணிக்குச் சரி. ஆனா 10 மணிக்குப் பிறகு கச்சான்ல அந்த மெல்லிய மிதப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது கண்ணுக்குத்தான் வேலை. அந்த நேரம் மிதப்பைக் கழட்டிட்டு அடித்தூண்டில் போடுங்க. 10 கிராம் ஓட்டை ஈயம் நூல்ல ஓடணும், அதுக்குக் கீழ ஒரு மணி, சின்ன வளையம், பிறகு 40 சென்றிமீற்றர் நூல், முள்ளு. ஈயம் நூல்ல சுதந்திரமா ஓடுறதால மீன் இழுக்கக்குள்ள பாரம் தெரியாது. றொட்டைக் கவட்டைக் கம்புல வெச்சு, நுனியத் தண்ணிக்குக் கிட்டப் பதிச்சு, நூலைத் தண்ணிக்குள்ள அமிழ்த்திடுங்க. வெளிய நிண்டா காத்து நூலை வில்லு மாதிரி வளைச்சு ஈயத்தையும் இழுத்துக் கொண்டு போயிரும்.

#8 — படுவான்கரை வாத்தியார்

கல்லும் குற்றியும் இல்லாத மணல் அடியாக இருந்தால் சரி தம்பி. மரக்குற்றி உள்ள இடத்தில் ஒரு மணித்தியாலத்தில் ஐந்து முள்ளு போய்விடும். அதனால்தான் நான் காற்று மறைவான கரைக்குப் போகச் சொன்னேன்.

#9 — றீல்தம்பி

அது சரிதான் சேர். குத்தி உள்ள இடமெண்டா ஈயத்தைப் பலம் குறைஞ்ச 4 இறாத்தல் நூல்ல தனியாத் தொங்க விட்டா ஈயம் மட்டும் அறும், முள்ளும் மீனும் தப்பும்.

#10 — தாதியக்கா

ஒருத்தரும் சொல்லாத சிலதை நான் சொல்றேன், அண்ணே.

யப்பானின் முதுகு முள்ளுக் குத்தினால் வலிக்கும், அவ்வளவுதான். தலைப் பக்கத்திலிருந்து வால் பக்கமாக உள்ளங்கையால் தடவிப் படுக்கவைத்துப் பிடித்தால் குத்தாது. சுங்கான் வேறு. செட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற முள்ளில் விசம் உண்டு. மீசை வைத்த மீன் வந்தால் கையால் தொடாமல் குறட்டால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள், இல்லையென்றால் நூலையே வெட்டிவிடுங்கள். குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் கையை அமிழ்த்துங்கள். அந்த விசம் சூட்டில் பலமிழக்கும், வலி இறங்கும். அரை மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம் வரை வைக்கலாம். குத்துப்படாத கையால் சூட்டைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும், வலிக்கிற கைக்குச் சூடு தெரியாமல் பொக்களித்துவிடும். தேத்தண்ணிக்குக் கொண்டுபோகும் சுடுதண்ணிப் போத்தல் ஒன்றை இதற்காகவே நிரப்பிக்கொள்ளுங்கள். மூச்சு முட்டினாலோ வீக்கம் ஏறினாலோ 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

தூண்டில் முள்ளின் உட்பக்கம் பின்னோக்கி நிற்கிற எதிர்முள்ளை வீட்டிலேயே குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீன் கழன்று போவது கொஞ்சம் கூடும், ஆனால் விரலில் ஏறினால் வந்த வழியே வெளியே எடுக்கலாம். எதிர்முள்ளோடு ஆழமாக ஏறியிருந்தால் இழுக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் தலைக்குத் தொப்பியும் வீசுகிற நேரம் கழற்றக் கூடாது.

காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் வயலில் மட்டும் வருவதில்லை, மாடு இறங்குகிற குளத்து ஓரத்திலும் வரும். போய்வந்து இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் குளத்துக்குப் போனதை டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

முழங்கால் தண்ணீரில் நின்று பிடிக்கிற ஆசையும் வேண்டாம். முதலை உள்ள குளங்கள். தண்ணீர் விளிம்பிலிருந்து ஐந்தாறு அடி தள்ளிக் கதிரையைப் போடுங்கள். மீனைக் கோர்வையில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுவதும், அதே இடத்தில் குடலைக் கழுவி ஊற்றுவதும் முதலையை அழைக்கிற வேலை.

#11 — சாகாமத்தார்

அக்கா சொன்னதோட இதையும் சேருங்க. உன்னிச்சைத் தண்ணிதான் சுத்திகரிச்சு மட்டக்களப்புக்குக் குடிக்க வருது. குடல், செதிள், சோப்பு, சொப்பிங் பை ஒண்டும் குளத்துக்குள்ள போகக் கூடாது. குடலைக் கரையில இருந்து தள்ளி ஒரு அடிக்குக் கீழ தாட்டு மூடுங்க.

ஆனை விசயம். படுவான்கரைக் குளங்களுக்கு அது இருட்டினாத் தண்ணிக்கு வாறது. நல்லா விடிஞ்ச பிறகு இறங்கி, 4 மணிக்கு முதல் வெளிக்கிட்டுடுங்க. போக முதல் குளத்தடியில நிக்கிற மீனவர்ட்டயோ மாட்டுக்காரர்ட்டயோ "இரவு எந்தப் பக்கம் வந்த?" எண்டு கேளுங்க. புது லத்தி கிடக்கிற பாதையில இருக்க வேணாம்.

அம்பாறைப் பக்கம் யோசிக்கிற ஆக்களுக்கு: லகுகலைக் குளம் 1980 இல் தேசிய பூங்காவானது, அங்க தூண்டில் நினைக்கவும் வேணாம். சேனாநாயக்க சமுத்திரமும் 1954 இல் உருவான கல்லோயாப் பூங்காவுக்குள்ள வாறது, அனுமதி இல்லாம இறங்கிறல்ல. சாகாமம், றொட்டை, இறக்காமம் போன்ற குளங்கள்ல கரையோரத் தூண்டிலுக்கு முதல் அந்தக் குளத்து நன்னீர் மீனவர் சங்கத்துட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்க. குஞ்சு விட்டுக் காவல் காக்கிறது அவங்கதான். வலை விரிச்சிருக்கிற மிதப்பு வரிசைக்கு 50 மீற்றர் தள்ளிப் போடுங்க. உங்கட முள்ளு அவங்கட வலையில கொளுவினா அவங்களுக்கு அரை நாள் வேலை.

#12 — கல்லடிவாசி

சரி, எல்லாம் குறிச்சிட்டன். மகனுக்கு விராலும் ஒருக்காப் பார்க்க ஆசையாம். அது கரையில இருந்து சரி வருமா?

#13 — றீல்தம்பி

வரும். ஆனா யப்பான் சாமான் அதுக்குச் சரிவராது. ரெண்டையும் ஒரே றொட்டுல செய்ய வேணாம். மகன் ஒரு கனமான 6½ – 7 அடி றொட், 30 இறாத்தல் பின்னல் நூல், றப்பர்த் தவளை ஒண்டு எடுக்கட்டும். உயிர்த் தவளை வேணாம், தேவையுமில்ல.

இடம்: தாமரை, ஒல்லி, ஆற்றுவாழை ஓரம். விரால் மூச்செடுக்க மேல வாற மீன். அமைதியா இருந்து பாருங்க, "புளக்" எண்டு ஒரு சத்தம், வட்டமா ஒரு அலை. அந்த வட்டத்துக்கு 6 அடி தாண்டித் தவளையைப் போட்டு, இலைக்கு மேலால இழுத்துக் கொண்டு வந்து, ஓட்டையான இடத்துல 5 விநாடி நிப்பாட்டுங்க. அடி விழுறது பெரும்பாலும் நிப்பாட்டின இடத்துலதான்.

எல்லாரும் விடுற பிழை: தண்ணி வெடிச்ச உடனே இழுக்கிறது. தவளை மீன்ட வாய்க்கு வெளியாலதான் வரும். வெடிச்சதும் நூல் தொய்வைச் சுத்தி எடுங்க, ஒண்டு, ரெண்டு எண்ணுங்க, பாரம் கையில தெரிஞ்சதும் பலமா இழுங்க. பிறகு ஒரு விநாடியும் தொய்வு விடக் கூடாது. கொடிக்குள்ள தலையக் குடுத்தா எடுக்க ஏலாது.

#14 — படுவான்கரை வாத்தியார்

ஒன்று மட்டும். மேல்தண்ணீரில் செம்மஞ்சள் நிறத்தில் புள்ளி புள்ளியாக, சோற்றுப் பானை கொதிப்பது போல ஒரு கூட்டம் குமிழியிட்டால் அது விரால் குஞ்சு. தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்த நேரம் எதைப் போட்டாலும் ஆவேசமாக அடிக்கும், பிடிப்பது சுகம். தயவுசெய்து அங்கே போட வேண்டாம். காவல் போனால் அத்தனை குஞ்சையும் மற்ற மீன்கள் ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடும். மகனுக்கு அந்தக் கூட்டத்தைக் காட்டுங்கள், கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், பிறகு விலகிப் போங்கள்.

#15 — சம்மாந்துறையான்

காக்கா, ரெண்டு பேர் போறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. வளர்ந்த மகன் எண்டா இது இன்னும் முக்கியம்.

ரெண்டு பேருக்கும் நடுவுல 12 – 15 அடி இருக்கணும். அதுக்குக் குறைஞ்சா நூல் பின்னும், கூடினாப் பேசிக் கதைக்க ஏலாது. வலக்கையால வீசுறவர் வலப் பக்கத் தொங்கல்ல இருக்கணும். வீச முதல் "வீசுறன்" எண்டு ஒரு சொல்லு.

வேலையப் பிரிச்சுக் குடுத்துடுங்க. மாப் பிசையிறது, உருண்டை போடுறது வாப்பாட வேலை எண்டா, இடம் பார்க்கிறது, ஐஸ் பெட்டி, அத்தாங்கு (மீன் கோலுற கைவலை) மகன்ட வேலை. இடத்தை அவரையே சொல்ல விடுங்க. சேர் சொன்ன மூலை, மர நிழல் எல்லாத்தையும் காட்டிட்டு "எங்க மகன் போடுவம்?" எண்டு கேளுங்க. அவர் தெரிஞ்ச இடத்துல மீன் இல்லாட்டியும் ஒரு மணித்தியாலம் இருங்க. வாய் திறந்து கேக்காம முடிச்சு, வீச்சு, இழுப்பு ஒண்டையும் திருத்த வேணாம். 27 வயசு ஆளுக்கு ஒவ்வொரு வீச்சுக்கும் புத்தி சொன்னா 8 மணிக்கே போனை எடுத்துடுவார்.

மீன் கரைக்கு வரக்குள்ள மற்றவர் தன்ட தூண்டிலை வெளிய எடுத்துட்டு அத்தாங்கோட வரணும். அத்தாங்கை மீனுக்குப் பின்னால துரத்திக் கொண்டு போகக் கூடாது. முதலே தண்ணிக்குள்ள அமிழ்த்திப் பிடிங்க, பிடிச்சவர் மீனைத் தலைப் பக்கமா அதுக்கு மேல கொண்டு வருவார், அப்ப மெல்லமாத் தூக்குறதுதான். வால் பக்கமாக் கோலினா அது ஒரு துள்ளுல முன்னுக்குப் பாயும், நூல் வளையத்துல மாட்டி அறும். மகன்ட மீனுக்கு நீங்க அத்தாங்கு, உங்கட மீனுக்கு அவர். அண்டைக்கு நடக்கிற கதை எல்லாம் அந்த இடத்துலதான் நடக்கும்.

#16 — சாகாமத்தார்

பிடிச்ச மீனை என்ன செய்யிற எண்டதையும் சொல்லிடுறன். குளத்து யப்பான்ல மண் மணக்குது எண்டு கன பேர் ஒதுக்குற. அந்த மணம் நீலப்பச்சைப் பாசியில இருந்து வாறது. மீன்ட தோல், வயித்துக் கொழுப்புல ஏறி நிக்கும். எடுக்கலாம்.

பிடிச்ச உடனே செவுளுக்குக் கீழ ஒரு வெட்டு, ஒரு வாளித் தண்ணியில தலைகீழா 5 நிமிசம், இரத்தம் போகட்டும். பிறகு றெஜிபோம் ஐஸ் பெட்டிக்குள்ள. ரெண்டு கிலோ மீனுக்கு ரெண்டு கிலோ ஐஸ். கட்டியா வைக்காம உடைச்சு, ஒரு போத்தல் தண்ணி விட்டுக் கூழாக்கி, மீன் அதுக்குள்ள அமிழணும். ஐஸ் கட்டிக்கு மேல சும்மா வெச்சா கீழ் பக்கம் குளிரும், மேல் பக்கம் 2 மணிக்குக் கெட்டிடும்.

வெட்டக்குள்ள வயித்துக்குள்ள இருக்கிற கறுப்புத் தோலை உப்புப் போட்டு உரஞ்சி முழுக்க எடுக்கணும். முள்ளந்தண்டோட ஒட்டி இருக்கிற இரத்தக் கோட்டைக் கத்தி நுனியால கீறிக் கழுவுங்க. மறுகா உப்பும் தேசிக்காய்ப் புளியும் பூசி 15 நிமிசம். புளிப்புத்தான் அந்த மணத்தை உடைக்கிறது. குழம்புக்கெண்டா கொறுக்காப்புளி ரெண்டு துண்டு. அதோட பொரியலுக்குக் கை அகல மீனை எடுங்க, கறிக்கு அதை விடப் பெரிசு. கை அகலத்தை விடச் சின்னனைத் திருப்பி விட்டுடுங்க, ஈரக் கையால தொட்டு, எறியாம, தண்ணிக்குள்ள பிடிச்சு விடணும்.

குளம் பச்சைப் பெயின்ட் கரைச்ச மாதிரி படையாக் கிடந்தா அண்டைக்குப் பிடிக்க வேணாம், அதைக் கையில காலில படவும் விட வேணாம்.

#17 — கல்லடிவாசி

இடத்தை மகனையே தெரியச் சொல்லியாச்சு. கட்டு மூலைதானாம், சேர். கடைசியா ஒண்டு: பழைய றீல்ல இருந்து கழட்டின நூல் ஒரு குவியல் கிடக்கு. குளத்தடியில நெருப்புல போடலாமா?

#18 — படுவான்கரை வாத்தியார்

வேண்டாம். உருகிக் கட்டியாகி மண்ணில் கிடக்கும். இந்த மாதத்தில் கரைப் புல்லும் காய்ந்து கிடக்கிறது, ஒரு பொறி போதும். விரல் நீளத்துக்குக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, மூடியுள்ள ஒரு போத்தலுக்குள் போட்டு வீட்டுக் குப்பையோடு அனுப்புங்கள். முழுதாக விட்டால் கொக்கு, நீர்க்காகத்தின் காலில் சுற்றும், மாடு மேயும்போது நாக்கில் மாட்டும். சனிக்கிழமையும் ஒரு வெற்றுப் போத்தலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சுக் கட்டி வெட்டுகிற ஒவ்வொரு நுனியும் அதற்குள் போகட்டும்.